சோலைவரி

பெப்ரவரி மூன்றாம் கிழமை
கிராம சேவகர் படிவம் கொண்டுவந்தார்.
தம்பி மரியநேசன்
வீட்டிலுள்ளோரை வயதுவாரியாக எழுதத் தொடங்கினான்.
முதல் வரி என்னுடையது.
பேனை அங்கேயே நின்றது,
சிவப்பு விளக்கில் முச்சக்கர வண்டி நிற்பதுபோல்,
எஞ்சின் ஓடியபடி.

"அக்கா, உங்கட பேரையும் எழுதவா?"

சந்தருவன் ஐயா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு
என் கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
"இதிலயும் சிங்கம் இருக்கே மிஸ்."
இருக்கிறது. இது கோடரி பிடித்த சிங்கம்.
வாள் பிடித்ததை விட்டுக்கொடுத்துத்தான்
ஒஸ்லோவில் இதை வாங்கினேன்.
இரண்டு சிங்கத்தை ஒரே பையில் வைத்திருக்க
அந்த நாளில் அங்கே விடமாட்டார்கள்.

"வதிவிட விசா எண்டா பேர் போட ஏலாது.
பிறந்தது எங்க?"
"ஜம்பட்டா வீதி."
"அது சரி," என்றார்.
அந்தச் சரிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒஸ்லோவில் மூன்று வருடம் குளிர் தாங்கியிருந்தால் போதும்,
நகரசபைக்கு வாக்குப் போடலாம்.
குடியுரிமை பிறகு வரட்டும்.
குப்பை என்ற சொல்லையே
அவர்கள் மொழியில் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத காலம்.
யார் அள்ளுவது என்று தீர்மானித்தவர்களில்
நானும் ஒருத்தி.

கொட்டாஞ்சேனைக் குப்பையை எனக்கு
முகம் முகமாய்த் தெரியும்.
புளூமெண்டால் பக்கமிருந்து காற்றடித்தால்
எந்த ஜன்னலை முதலில் சாத்துவது என்று தெரியும்.
அம்மா எழுதிவைத்த வீடு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோலைவரி கட்டுகிறேன்.
சோலை எங்கே என்று கேட்காதீர்கள்.
கானுக்குள் ஒரு பப்பாசி முளைத்திருந்தது,
அதையும் மாநகரசபை வெட்டிவிட்டது.
வரிக்கு என் பெயர் தெரியும்.
இடாப்புக்குத் தெரியாது.

விண்ணப்பித்துத்தான் இருக்கிறேன்.
பத்தரமுல்லையில் ஏதோவொரு மேசையில்
என் கோப்பின்மேல் இன்னொருவர் கோப்பு,
அதன்மேல் யாரோ மறந்துபோன மூக்குக்கண்ணாடி.
கோபமில்லை.
என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை,
கையெழுத்து என்னுடையது.

கீழ்வீட்டில் சமைக்க வரும் மாரியாயிக்கு
நோர்வூட்டில்தான் பதிவு.
இருபது வருடமாய் இங்கே இருக்கிறாயே,
மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.
"எங்கப்பா சாகிற வரைக்கும்
எந்த நாட்டுலயும் சேத்தி இல்லாத ஆளும்மா.
அந்த லயத்து விலாசத்துல
எம் பேரு இருக்கணும்."
வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
தேர்தலுக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில்
நின்றபடியே போனாள்.
என் படிவக் கதையை அவளிடம் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

வாக்களிப்பு நாள் காலை
பள்ளிக்கூடம் வரைக்கும் நானும் நடந்தேன்.
போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.
"ஜெசிந்தாக்கா வெளியிலதானே நிப்பா."
தம்பி தந்தான். அவன் மனைவி தந்தாள்.
மூன்றாம் மாடி ஃபர்சானா
கைக்குட்டையில் சுற்றித் தந்தாள்.
எதிர்க்கதவு நிலந்தி,
இதுவரை தலையசைப்பைத் தாண்டாதவள்,
சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டபடி
தன்னுடையதையும் வைத்துவிட்டுப் போனாள்.

மதில் நிழல் சுருங்கச் சுருங்க
நானும் தள்ளித் தள்ளி நின்றேன்.
முடித்து வந்தவர்கள்
நகத்து மையை ஊதிக்கொண்டே
பக்கத்துக் கடையில் பாண் வாங்கினார்கள்.

பைக்குள் ஒன்று அடித்தது.
விடாமல் அடித்தது. எடுத்தேன்.
"அம்மா?" என்றது
தூரத்திலிருந்து ஒரு பையனின் குரல்.
அம்மா உள்ளே, வாக்குப் போடப் போயிருக்கிறா,
எனக்கு மிச்சமிருந்த சிங்களத்தில் சொன்னேன்.

"நீங்கள் யார்?"

வரிசை ஒரு அடி நகர்ந்தது.

"பக்கத்து வீடு," என்றேன்.